அப்பா அம்மா செலவு முதலில், பங்கு பிறகு

பிள்ளைகள் படிப்புக்கு ஒதுக்குகிறோம். மாதம் பிறந்ததும் வீட்டுக் கடனுக்கு இஎம்ஐ போய்விடுகிறது. நம் ஓய்வுக்காலத்துக்கு பிஎஃப் பிடிக்கிறார்கள். அப்பா அம்மாவின் முதுமைக்கு மட்டும் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடத் தனியாக எடுத்துவைப்பதில்லை. வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம். அதுவோ, அலுவலகத்தில் பொறுப்பு கூடியிருக்கும் நாற்பதுகளின் நடுவில், மூத்தவன் ப்ளஸ் டூ படிக்கும் வருஷமாகப் பார்த்து வந்து நிற்கிறது.

தமிழ்நாட்டில் இது எங்கோ சில வீடுகளில் நடப்பதல்ல. 2021இல் இங்கே நூற்றுக்கு 13.6 பேர் அறுபதைத் தொட்டவர்கள் என்று தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் அறிக்கை சொன்னது. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. 2031இல் அது 18.2 ஆகும் என்பது அதே அறிக்கையின் கணிப்பு. இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்ட தலைமுறை இப்போது முதுமைக்குள் நுழைகிறது. முன்பு ஐந்தாறு பேர் பங்கிட்டுக்கொண்ட பொறுப்பு இனி இரண்டு பேர் தலையில். அதிலும் ஒருவர் பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார்.

சம்பளத்துக்கு வேலை பார்க்கும் அந்த இரண்டு பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். பராமரிப்புச் செலவையும் சொத்துப் பேச்சையும் பிரிக்காதீர்கள்; ஒரே நாளில் உட்கார்ந்து, ஒரே நோட்டில் எழுதுங்கள். பெற்றோர் சேர்த்த சொத்து முதலில் பெற்றோருக்கு. அவர்களின் மருந்துக்கும் ஆள் கூலிக்கும் போக மிஞ்சுவதே வாரிசுகளுக்கு. இந்த வரிசை மாறிய வீடுகளில்தான், அப்பா பெயரில் மனை சும்மா கிடக்க, மகள் தன் நகையை அடகுவைத்து ஆஸ்பத்திரி பில் கட்டுகிறாள்.

பேச்சை எப்படித் தொடங்குவது

"சொத்தை என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டால் எந்த அப்பாவும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "அப்பா, உங்களுக்கோ அம்மாவுக்கோ திடீர்னு ஆஸ்பத்திரி செலவு வந்தா எந்தப் பணத்தை எடுக்கணும்னு எனக்குத் தெரியணும்" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியில் அவருடைய நலம் முன்னால் நிற்கிறது. பெரும்பாலான அப்பாக்கள் பீரோவைத் திறந்துவிடுவார்கள். கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் இருக்கும்போது கேளுங்கள்; வெளிநாட்டில் இருப்பவர் வீடியோ காலில் வரட்டும். ஒரு பிள்ளை மட்டும் தனியாக உட்கார்ந்து பேசிய பேச்சு, எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் பிற்பாடு சந்தேகத்துக்கு இடமாகிறது.

நோட்டில் ஏற வேண்டியவை: பென்ஷன் புத்தகம், வங்கிக் கணக்குகள், எஃப்.டி. ரசீதுகள், அஞ்சலகச் சேமிப்பு, எல்ஐசி பாலிசிகள், லாக்கர் சாவி இருக்கும் இடம், சீட்டு, கைமாற்றாகக் கொடுத்தது, வாங்கியது, மூலப்பத்திரம், பட்டா, கடைசியாகப் போட்ட வில்லங்கச் சான்றிதழ். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும் நிலங்கள் ஏராளம். அதை மாற்ற அப்பாவின் கையெழுத்தும் நினைவும் நன்றாக இருக்கும் காலமே ஏற்ற காலம். எந்தப் பங்காளி எப்போது விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

எல்லாக் கணக்கிலும் நாமினி இருக்கிறாரா என்று பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் வங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிக்கலாம். ஆனால் நாமினி என்பவர் பணத்தை வங்கியிலிருந்து வாங்கும் உரிமை பெற்றவர். அது யாருக்குச் சேரும் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோதான் முடிவுசெய்யும். நிறுவனப் பங்குகளுக்கும் இதே நிலைதான் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் உறுதிப்படுத்தியது. "என்னைத்தான் நாமினியா போட்டிருக்கார், அதனால எனக்குத்தான்" என்ற வாதம் நிற்காது. மறந்துபோன கணக்குகள் இருக்குமோ என்று தோன்றினால் ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தில் தேடலாம். பத்து ஆண்டுகள் யாரும் கேட்காத டெபாசிட்டுகள் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடுகின்றன. உரியவர்கள் கேட்டால் திரும்பக் கிடைக்கும்.

பெற்றோரின் அன்றாடக் கணக்கில் ஒரு பிள்ளையின் பெயரைச் சேர்த்து, "ஈதர் ஆர் சர்வைவர்" முறையில் வைத்துவிடுங்கள். இரவு பதினோரு மணிக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் முன்பணம் கேட்கும்போது இந்த ஒரு காரியத்தின் அருமை புரியும். அந்தக் கணக்கின் குறுஞ்செய்திகளும் மாதக் கணக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் போகட்டும்.

உண்மையான செலவு எது

ஆஸ்பத்திரி பில்லைக் கண்டுதான் எல்லோரும் பயப்படுகிறோம். அது பெரிய தொகைதான், ஆனால் அதற்கு ஒரு முடிவு உண்டு. குடும்பத்தைச் சிறுகச் சிறுகக் கரைப்பது டிஸ்சார்ஜுக்குப் பிறகு வீட்டில் ஓடும் செலவு. பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, மறதிநோய் என்று வந்தால் ஆள் வைத்தாக வேண்டும். வீட்டோடு தங்கும் ஆளுக்கு மாதம் 25,000, மருந்து, டயப்பர், பிசியோதெரபிக்கு 10,000 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 4,20,000. நான்கு ஆண்டுகளுக்கு 16,80,000. உங்கள் ஊரில் ஆள் அனுப்பும் இரண்டு ஏஜென்சிகளிடம் இன்றே விலை கேட்டு இந்தக் கணக்கை உங்கள் தொகைகளால் போட்டுப் பாருங்கள். வழக்கமான மெடிக்ளெய்ம் பாலிசிகள் வீட்டில் வைக்கும் இந்த ஆளுக்குப் பணம் தருவதில்லை. எனவே இது சேமிப்பிலிருந்தும் சொத்திலிருந்தும்தான் வர வேண்டும்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு வழிகள் முன்பைவிட இப்போது அதிகம். 65 வயதுக்கு மேல் புது பாலிசி கிடையாது என்ற நிலை 2024 ஏப்ரலில் மாறியது. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலம் நான்கு ஆண்டிலிருந்து அதிகபட்சம் மூன்று ஆண்டாகக் குறைந்தது. 2025 ஜனவரியிலிருந்து, மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் காப்பீட்டு நிறுவனம் முதலில் ஒழுங்குமுறை ஆணையத்திடம் பேச வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. பெற்றோருக்கு அறுபது ஆகும் முன்பே பாலிசி போட்டுவிடுவதுதான் இன்றும் நல்லது. சர்க்கரை, பிரஷர் எதையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்த நோய்தான் க்ளெய்ம் நிராகரிப்புக்கு வழி திறக்கிறது.

அலுவலகத்தின் குரூப் பாலிசியில் பெற்றோரைச் சேர்க்க வாய்ப்பு இருந்தால் சேருங்கள். பல பாலிசிகளில் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பணம் கிடைக்கும். ஆனால் அதை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. நீங்கள் வேலை மாறும் நாளில், அல்லது நிறுவனம் உங்களை அனுப்பும் நாளில், எழுபத்திரண்டு வயது அம்மாவுக்குக் காப்பீடு இல்லாமல் போகும். விலகும் முன்பே, அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றித் தர முடியுமா என்று எச்ஆர் மூலம் எழுதிக் கேளுங்கள். மாதச் சம்பளம் 21,000க்குள் இருந்து இஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர்கள், சார்ந்திருக்கும் பெற்றோரின் மாத வருமானம் 9,000க்குள் இருந்தால் அவர்களையும் இஎஸ்ஐயில் சேர்க்கலாம். ஆலைகளிலும் கடைகளிலும் வேலை பார்க்கும் பலர் இதைச் செய்யாமலே விட்டிருக்கிறார்கள்.

எழுபது வயது நிறைந்த எவருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையின் கீழ் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் திட்டத்தை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. இரண்டும் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில்தான் செல்லும். வீட்டுக்கு அருகில் எந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறது என்பதை நோய் வருமுன்னே கேட்டுவையுங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியிலிருந்து இயங்குகிறது. அரசு மருத்துவமனை என்று தயங்காதீர்கள். பல நோய்களை ஒன்றாகப் பார்த்து மாத்திரைகளைக் குறைத்துத் தரும் முதியோர் நல மருத்துவர் வெளியே எளிதில் கிடைப்பதில்லை.

மாத வருமானத்துக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் நல்ல தூண். ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். 2023 ஏப்ரலிலிருந்து 2025 முடியும்வரை வட்டி 8.2 சதவீதமாகவே இருந்தது. அப்பா அம்மா இருவரும் தனித்தனியே தொடங்கலாம். உங்கள் சேமிப்பிலிருந்து பெற்றோருக்குப் பணம் கொடுத்தால் அது அவர்களுக்கு வரிக்குரிய வருமானம் இல்லை, அதன் வட்டியும் உங்கள் கணக்கில் சேராது. உங்கள் எஃப்.டி. வட்டிக்கு 30 சதவீதம் வரி கட்டிக்கொண்டு, வருமானமே இல்லாத அம்மாவுக்குக் கைச்செலவுக்கு அனுப்புவதைவிட, அந்தப் பணத்தையே அம்மா பெயருக்கு மாற்றிவிடுவது எல்லா வகையிலும் மேல். அதன்பிறகு அது அம்மாவின் பணம் என்பதை மட்டும் மனதார ஏற்றுக்கொள்ளுங்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மூத்த பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டுக்கு 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு; காப்பீடே இல்லாத மூத்த பெற்றோருக்கு, ரொக்கமாக இல்லாமல் வங்கி வழியாகச் செய்த மருத்துவச் செலவுக்கும் அந்த வரம்புக்குள் கிடைக்கும். புதிய முறையில் இது கிடையாது.

வேலையை யார் விடுவது

எந்தக் குடும்பத்திலும் எழுதப்படாமல் முடிவாகிவிடுவது இந்த விஷயம்தான். சம்பளம் குறைந்தவர் விடுவார். பெரும்பாலும் அது மகள் அல்லது மருமகள். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

மாதம் 40,000 வாங்கும் ஒருவர் இரண்டு ஆண்டு வீட்டில் இருந்தால் 9,60,000 ரூபாய் சம்பளம் போகிறது. அதோடு பிஎஃப், இன்கிரிமென்ட், ஐந்தாண்டு நிறையாவிட்டால் கிராஜுவிட்டி, நாற்பத்தைந்து வயதில் மீண்டும் வேலை தேடும் கஷ்டம் எல்லாம் சேர்கின்றன. இந்தத் தொகை குடும்பத்தின் செலவுக் கணக்கில் எங்கும் வருவதில்லை. பாகம் பிரிக்கும் நாளில் சட்டமும் இதைப் பார்ப்பதில்லை. உயில் இல்லாமல் அப்பா இறந்தால், பத்து வருஷம் பார்த்துக்கொண்ட மகளுக்கும் பொங்கலுக்கு மட்டும் வந்த மகனுக்கும் சம பங்கு. மருமகளுக்கு மாமனார் சொத்தில் நேரடிப் பங்கே இல்லை.

ஆகவே யாராவது வேலையைக் குறைக்கவோ விடவோ போகிறார் என்றால், ராஜினாமாக் கடிதத்துக்கு முன்பு குடும்பம் உட்கார வேண்டும். பெற்றோரின் வருமானத்திலிருந்தும் மற்றப் பிள்ளைகளின் பங்களிப்பிலிருந்தும் அவருக்கு மாதாமாதம் ஒரு தொகை வங்கி வழியாக வரட்டும். "தேவைப்பட்டா கேளு, அனுப்புறேன்" என்ற வாக்கு போதாது. கேட்கும் நிலையில் அவரை வைப்பதே தவறு. பெற்றோருக்கு விருப்பமானால், உயிலில் அவருக்குக் கூடுதல் பங்கும் அதற்கான காரணமும் இருக்கட்டும். "என்னைக் கவனித்துக்கொள்வதற்காக வேலையை விட்டவள்" என்று அப்பா கைப்பட எழுதிய ஒரு வரி, பிற்காலத்தில் வழக்கைத் தடுக்க எவ்வளவோ உதவும்.

விடுவதற்கு முன் மற்ற வழிகளை முயன்று பாருங்கள். பெற்றோர் பராமரிப்புக்கென்று தனி விடுப்பைத் தனியார் நிறுவனங்கள் மீது நம் சட்டம் கட்டாயமாக்கவில்லை. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்குப் பிள்ளைகளுக்காக 730 நாள் விடுப்பு உண்டு. பெற்றோருக்காக அப்படி ஒன்று இல்லை. ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, 20 நாள் அரைச் சம்பள விடுப்பு, 8 நாள் தற்செயல் விடுப்பு, 2 நாள் வரையறுக்கப்பட்ட விடுப்பு ஆகியவற்றை வயதான பெற்றோரைக் கவனிக்கவும் எடுக்கலாம் என்று 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அமைச்சர் பதில் சொன்னார்.

தனியாரில் இருப்பவர்கள் மேலாளரிடம் ஒருமுறை முழுதாகப் பேசிவிடுங்கள். தினமும் காலை எட்டரைக்கு "அப்பாவுக்கு முடியல சார், இன்னிக்கு லீவு" என்று செய்தி அனுப்புவது உங்கள் பெயரைக் கெடுக்கும். நிலைமை இது, மூன்று மாதம் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை வேண்டும், இன்ன வேலைகளை இவரிடம் ஒப்படைக்கிறேன், இன்ன தேதியில் மறுபடி பேசலாம் என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். காலவரம்போடு கேட்கும் கோரிக்கைக்குச் சம்மதிப்பது மேலாளருக்கு எளிது. அதுவும் போதாவிட்டால் சம்பளமில்லா விடுப்பு. அந்தக் காலத்தில் குரூப் காப்பீடு தொடருமா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். பெற்றோரின் சிகிச்சைக்காக பிஎஃப் பணத்தில் முன்பணம் எடுக்க விதியில் இடம் உண்டு. ஆனால் அப்பாவின் எஃப்.டி. அப்படியே இருக்க உங்கள் பிஎஃப்பைத் தொடாதீர்கள்.

உயிலா, செட்டில்மென்டா

தமிழ்நாட்டில் பெற்றோர் பிள்ளைக்கு எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய்; பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையிலிருந்து இதுதான் விகிதம். கோடி ரூபாய் வீட்டுக்கும் அரை லட்சத்தில் முடிந்துவிடுகிறது. "இப்பவே எழுதிக் குடுத்துடுங்கப்பா, பின்னாடி அலைச்சல் இல்ல" என்று சொல்லச் சொல்ல, பெற்றோரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

குடியிருக்கும் வீட்டை உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பதிவான நிமிடம் உரிமை கைமாறுகிறது. பின்னாளில் ஆள் கூலிக்குப் பணம் வேண்டுமென்றால் அந்த வீட்டை விற்கவோ, முதியோருக்கான ரிவர்ஸ் மார்ட்கேஜில் வைக்கவோ அப்பாவால் முடியாது. பிள்ளை நல்லவராகவே இருந்தாலும், பெற்றோருக்கு முன்பே அவர் இறந்தால் வீடு அவருடைய வாரிசுகளிடம் போகும். கட்டாயம் எழுதியே ஆக வேண்டிய சூழல் என்றால், பெற்றோர் இருவருக்கும் ஆயுட்கால அனுபவ உரிமையையும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இன் 23ஆம் பிரிவு, பராமரிப்பு நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பிள்ளை கவனிக்கத் தவறினால் ரத்துசெய்ய வழி தருகிறது. நிபந்தனை இருந்ததாகக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த தீர்ப்பு, இந்தச் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. இங்கே மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். உதவிக்கு 14567 என்ற எண்ணில் முதியோர் உதவி மையம் இருக்கிறது. எண்பது வயதில் அந்த அலுவலகத்தின் படியேறும் நிலை எந்த அம்மாவுக்கும் வர வேண்டாம். அதற்குத்தான் நிபந்தனையை முன்பே எழுதச் சொல்கிறேன்.

மற்றபடி உயிலே போதும். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளில் எழுதலாம், எத்தனை முறையும் மாற்றலாம், கடைசியாக எழுதியதே செல்லும். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். சொத்தில் பங்கு பெறாதவர்களாகவும் பெற்றோரைவிட வயதில் இளையவர்களாகவும் பாருங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். எழுதும் நாளில் மருத்துவரிடம் மனநலச் சான்று வாங்கி இணைப்பது நல்லது. முஸ்லிம்கள் மற்ற வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் எழுத முடியாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

உயில் இல்லாமல் இந்து ஆண் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், இருந்தால் அவருடைய தாய், எல்லோருக்கும் சம பங்கு. "அவளுக்குத்தான் கல்யாணத்துல போட்டாச்சே" என்று சீரைக் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. பூர்விகச் சொத்தில் மணமாகாத மகளுக்குத் தமிழ்நாடு 1989இலேயே உரிமை கொடுத்தது. 2005இல் இந்தியா முழுதும் எல்லா மகள்களுக்கும் வந்தது. 2005இல் தந்தை உயிரோடு இருந்தாரா என்று பார்க்கத் தேவையில்லை என 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அப்பா விட்டுச்சென்ற கடனுக்குப் பிள்ளைகள் பொறுப்பு என்பதும் அவரிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்கு மட்டுமே. உங்கள் சம்பளத்தைக் கடன்காரர் தொட முடியாது.

கையெழுத்துப் போட முடியாத நாள்

மரணத்துக்குத் தயாராகும் குடும்பங்கள்கூட இதை நினைப்பதில்லை. அப்பாவுக்கு நினைவு தவறினால், அவர் கொடுத்த பொது அதிகாரப் பத்திரமும் நம் சட்டப்படி வலுவிழக்கிறது. வீடு இருக்கும், விற்க முடியாது. 2024இல் சென்னையில் ஒரு பெண், கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்று அவருக்கே சிகிச்சை செய்ய, உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. முதலில் மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டில்தான் அவரைக் காப்பாளராக நியமித்து அனுமதி தந்தார்கள். மறதிநோயின் முதல் அறிகுறி தெரிந்தவுடனேயே கூட்டுக் கணக்கு, உயில், எஃப்.டி.யைக் கூட்டுப் பெயர்களுக்கு மாற்றுவது எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். மீள வழியில்லாத நிலையில் வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதையும் பெற்றோர் இரண்டு சாட்சிகளோடு எழுதி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் ஒப்பத்தோடு வைக்கலாம். 2023இல் உச்ச நீதிமன்றம் இந்த நடைமுறையை எளிதாக்கியது.

கடைசியாக, உங்கள் உயில். பெற்றோருக்கு முன் நீங்கள் போய்விட்டால் அவர்களுக்கு யார் பணம் அனுப்புவார்கள்? உயில் எழுதாத இந்து ஆணின் சொத்தில் தாய்க்குப் பங்கு உண்டு. மனைவி மக்களோ தாயோ இருந்தால் தந்தைக்கு இல்லை. மணமான பெண்ணின் நிலை இன்னும் மோசம். அவள் உழைத்துச் சேர்த்தது கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் போகும். அவர்களும் இல்லாவிட்டால் கணவனின் வாரிசுகளுக்குப் போய், அதன் பிறகுதான் பெற்ற தாய் தந்தைக்கு வரும். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே இந்துப் பெண்களை உயில் எழுதிவைக்கும்படி கேட்டுக்கொண்டது. பெற்றோரைத் தாங்கும் மகள்கள் இந்த மாதமே எழுதிவிடுங்கள். அன்றே அலுவலகத்தில் பிஎஃப், கிராஜுவிட்டி, குரூப் இன்சூரன்ஸ் மூன்றிலும் நாமினி யார் என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் கொடுத்த பிஎஃப் நாமினேஷனாக இருந்தால் புதிதாகக் கொடுக்க வேண்டும்.